மறுப்பின் விலை

அறிமுகம் என்பது ஒரு மூலதனம் என்பதை வணிகக் குடும்பங்கள் நெடுங்காலமாகவே அறிந்திருக்கின்றன. தந்தையின் நண்பரும், மாமன் வழியில் தெரிந்த அதிகாரியும், ஊர்ப் பெரியவர் எழுதிக் கொடுக்கும் சிபாரிசுக் கடிதமும் ஓர் இளைஞனின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் உயர்த்திவிடும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள். ஆனால் அப்படிப்பட்ட உறவும் செல்வாக்கும் சிறிதும் இல்லாத குடும்பத்தில், முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்று, படிப்பையும் உழைப்பையும் மட்டுமே நம்பி நகரத்துக்கு வந்து சேரும் ஒரு பெண்ணுக்கு அந்த மூலதனம் தானாக வாய்ப்பதில்லை. அவள் அதைத் தேடிப் போகவேண்டும். முன்பின் அறியாதவர்களிடம் தன் பெயரையும் தகுதியையும் எடுத்துச் சொல்லி, அவர்களுடைய ஒரு நல்ல வார்த்தைக்காகக் காத்து நிற்கவேண்டும். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலும் கோவை கொடிசியா வளாகத்திலும் நடைபெறும் தொழில் மாநாடுகளில் கழுத்தில் அடையாள அட்டையுடன் நின்று விசிட்டிங் கார்டை நீட்டும் பெண்களும், இரவு நேரத்தில் மகளிர் விடுதியின் அறையில் அமர்ந்து ஏதோ ஒரு நிறுவனத்தின் மேலாளருக்கு, 'ரெஃபரல்' ஒன்று கிடைக்குமா என்று பணிவாக எழுதும் பெண்களும் செய்வது இதைத்தான். அப்படி எழுதிய கடிதத்துக்கு வேலையைப் பற்றிய பதிலுக்குப் பதிலாகத் தன் முகத்தைப் பற்றிய வர்ணனை வந்து சேருகிறபோது அந்தப் பெண்ணுக்கு நேர்வது என்ன என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இத்தகைய அறிமுகங்களுக்கென்றே உலகம் முழுவதும் இன்று பிரதானமாக விளங்குவது லிங்க்ட்இன். 2002-ஆம் ஆண்டின் இறுதியில் ரீட் ஹாஃப்மனும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, 2003 மே மாதத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இந்தத் தளத்தை, 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2,620 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. இந்தியாவிலிருந்து மட்டும் 10 கோடிக்கு மேற்பட்டோர் இதில் பதிவு செய்திருக்கிறார்கள். உத்தியோகம், வியாபாரம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக மட்டுமே ஏற்பட்ட இந்த இடத்தின் நடத்தை விதிகளில், காதல் விண்ணப்பங்களும், திருமணக் கோரிக்கைகளும், தோற்றத்தைப் பற்றிய இச்சை கலந்த பேச்சும் கூடா என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். வேலை தேடும் இடத்தில் திருமணக் கோரிக்கை கூடாது என்று ஒரு விதியை எழுதியே தீரவேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது என்றால், இந்த வியாதி எவ்வளவு பரவலானது என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இத்தகைய காதல் விண்ணப்பம் பெரும்பாலும் கொச்சையாக வருவதில்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். கொச்சையாக வந்துவிட்டால் அதைப் புரிந்துகொள்வதில் பெண்ணுக்குச் சிரமம் இராது. 'ப்ளாக்' செய்துவிட்டு மேற்கொண்டு தன் வேலையைப் பார்ப்பாள். மரியாதையின் உடையை அணிந்துகொண்டு வருவதே இதன் இயல்பு. முதலில் அவளுடைய அனுபவத்தைப் பற்றியும் திறமையைப் பற்றியும் ஒரு பாராட்டு. பிறகு, எங்கள் நிறுவனத்தில் ஓர் இடம் காலியாகப் போகிறது, விவரமாகப் பேசலாம் என்று ஓர் அழைப்பு. பேசுவதற்குச் சௌகரியமாக வாட்ஸ்அப் எண். காலையில் நடந்த உரையாடல் மாலைக்கு நகர்ந்து, மாலையிலிருந்து இரவு பதினொரு மணிக்கு நகர்கிறது. 'சாப்பிட்டாச்சா?' என்ற விசாரிப்பு வருகிறது. ஒருநாள், 'தப்பா எடுத்துக்காதீங்க' என்ற பீடிகையோடு, உங்களைப் பார்த்த நாள் முதலாகவே என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம் வந்து விழுகிறது. தவறாக எடுத்துக்கொள்ளக்கூடிய விஷயம் இது என்பது சொல்பவருக்கே தெரிந்திருப்பதனால்தான் அந்தப் பீடிகை தேவைப்படுகிறது. தெரிந்திருந்தும், அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கும் பொறுப்பு அவள் தலையில் சுமத்தப்படுகிறது.

நான் இங்கே வற்புறுத்த விரும்புவது ஒன்றே. தொழில் நிமித்தமான அறிமுகத்தில் காதல் விண்ணப்பம் தவறாவது, காதல் இழிந்தது என்பதனால் அன்று. அங்கே மறுப்புக்கு ஒரு விலை இருக்கிறது என்பதனாலும், அந்த விலை முழுவதையும் மறுப்பவளே செலுத்தவேண்டியிருக்கிறது என்பதனாலுமே. உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் சந்தித்த ஒருவர் தம் விருப்பத்தைச் சொல்லி, ஒரு பெண் வேண்டாம் என்றால், அவளுடைய மறுநாள் அலுவலகத்தில் எந்த மாறுதலும் நேராது. ஆனால், தன்னை வேலைக்குச் சிபாரிசு செய்யக்கூடியவரிடம், தன் நிறுவனத்துக்கு முதலீடு தரக்கூடியவரிடம், தான் நுழைய விரும்பும் துறையில் எல்லோருக்கும் தெரிந்த மனிதரிடம் வேண்டாம் என்று சொல்பவள், அந்தச் சிபாரிசையும் முதலீட்டையும் அந்த மனிதரோடு பழகும் பத்துப் பேரின் நல்லெண்ணத்தையும் சேர்த்து இழக்கத் தயாராக இருக்கவேண்டும். கேட்டவருக்கு நேரும் நஷ்டமோ ஒரு நிமிஷச் சங்கடம்.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அது வெளியே தெரிவதில்லை. அந்த ஒரு வாக்கியம் வந்த கணமே, அதற்கு முன்பு அவர் சொன்ன பாராட்டுகள் எல்லாம் அவளுடைய மனத்தில் சந்தேகத்துக்கு உள்ளாகின்றன. என் கட்டுரை உண்மையிலேயே நன்றாக இருந்ததா? அந்தக் கூட்டத்தில் என்னைப் பேச அழைத்தது என் அறிவுக்காகவா? தன் தொழிலைப் பற்றி ஒரு மனிதர் சொன்ன வார்த்தைகளை ஆதாரமாக வைத்துத் தன்னைத் தானே மதிப்பிட்டுக்கொண்டிருந்த ஒருத்திக்கு, அந்த மதிப்பீடே கலைந்துபோகிறது. அடுத்த முறை வேறொருவர் உண்மையாகவே பாராட்டும்போதும் அவளால் அதை நிம்மதியாகப் பெற்றுக்கொள்ள முடிவதில்லை. இதற்குப் பின்னால் என்ன வரப்போகிறது என்று காத்திருக்கப் பழகிவிடுகிறாள். தொழிலில் வளர்வதற்கு அத்தியாவசியமான தன்னம்பிக்கையை இப்படிச் சிறுகச் சிறுக அரித்துவிடுவதை வெறும் 'ஜொள்ளு' என்று சிரித்து ஒதுக்குவது நியாயமாகாது.

2015 செப்டம்பரில் இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். சார்லட் பிரவுட்மன் என்ற இளம் பாரிஸ்டர், தம் தொழிலைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் ஒருவரோடு லிங்க்ட்இன்னில் தொடர்பு ஏற்படுத்திக்கொண்டார். இங்கிலாந்தின் நீதிமுறையில் வழக்குகளைப் பாரிஸ்டரிடம் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் சொலிசிட்டர்கள். ஆகவே, சொலிசிட்டரான அந்த மனிதரின் அறிமுகம் அவருக்கு வேலையோடு நேராகச் சம்பந்தப்பட்டது. அவரிடமிருந்து வந்த பதிலில் இருந்ததோ, பிரவுட்மனின் புகைப்படத்தின் அழகைப் பற்றிய வியப்பு. தாம் அந்தத் தளத்தில் இருப்பது தொழிலுக்காகவே என்றும், தோற்றத்தைப் பற்றிப் பேசுவது பெண்ணின் தொழில் தகுதியை மறைப்பதாகும் என்றும் பதில் எழுதிய பிரவுட்மன், இரண்டு கடிதங்களையும் பகிரங்கப்படுத்தினார். அதன்பின் வந்த புயல் அவர்மீதே வீசியது. ஒரு பாராட்டைக்கூடத் தாங்கமாட்டாதவர் என்றும், ஆண்களை வெறுப்பவர் என்றும் பத்திரிகைகள் எழுதின. இப்படிப்பட்டவரிடம் இனி எந்தச் சொலிசிட்டர் வழக்குக் கொடுப்பார் என்று பேசியவர்களும் உண்டு. மறுப்புக்கு விலை உண்டு என்பதை மறுப்பவர்கள், அந்த விலையைத் தாங்களே நிர்ணயித்து அறிவித்த காட்சி அது.

நம் நாட்டில் இதற்கு ஒரு தனி நியாயம் சொல்லப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். 'நான் என்ன தப்பாகவா கேட்டேன்? கல்யாணம் பண்ணிக்கொள்ளத்தானே கேட்டேன்!' என்பது அது. எண்ணம் கௌரவமானதாக இருந்துவிட்டால் கேட்ட இடமும் வேளையும் முறையும் கௌரவமாகிவிடும் என்று இதைச் சொல்பவர் மனப்பூர்வமாகவே நம்புகிறார். பெண்ணைச் சம்மதிக்க வைப்பதையே வீரமாகவும், அவள் மறுப்பதை நாயகன் கடக்கவேண்டிய முதல் தடையாகவும் காட்டிய திரைப்படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இந்த நம்பிக்கை சகஜமாக வருகிறது. ஆனால், பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால், திருமணக் கோரிக்கை மற்றதைவிட இலேசானதன்று. அதை மறுப்பதற்குக் காரணம் சொல்லவேண்டும், அந்தக் காரணம் ஜாதியா, சம்பளமா, நிறமா என்று அவர் ஆராயத் தொடங்குவார், இவ்வளவு நல்ல எண்ணத்தை இவள் அவமதித்துவிட்டாள் என்று நண்பர்களிடம் சொல்வார். கௌரவமான கோரிக்கையை நிராகரித்தவள் என்ற பழியும் விலையோடு சேர்ந்துகொள்கிறது.

ஆகவே பெண்கள் நேராக மறுப்பதில்லை. பேச்சை 'சார்' என்று தொடங்கி 'சார்' என்று முடிக்கிறார்கள். நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்தவரைத் திடீரென்று 'அண்ணா' என்று அழைக்கிறார்கள். தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவரும் கேடயம் அது. ஒரு வார்த்தையில் பதில், இரண்டு நாள் கழித்துப் பதில், பிறகு மௌனம். இன்னும் சிலர் இல்லாத நிச்சயதார்த்தத்தை உண்டாக்கிச் சொல்கிறார்கள். எனக்கு விருப்பமில்லை என்ற அவளுடைய சொந்த வார்த்தைக்கு இல்லாத சக்தி, இன்னோர் ஆணுக்கு நான் உரியவள் என்ற பொய்க்கு இருக்கிறது என்பதை எண்ணும்போது நெஞ்சு வலிக்கிறது. இந்தக் குறிப்புகளை எல்லாம் புரிந்துகொள்ளவில்லை என்று பிற்பாடு சொல்லும் ஆண்கள், தங்கள் மேலதிகாரியின் முகத்தில் ஓர் இமை அசைந்தால் அதன் பொருளை உடனே அறிந்து நடந்துகொள்பவர்களே.

இவ்வளவும் சின்ன விஷயம் என்ற வாதத்துக்குச் சட்டத்தின் மொழியிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. 1988 ஜூலை 18-ஆம் தேதி இரவு, பஞ்சாப் அரசின் உள்துறைச் செயலாளர் சண்டிகரில் தம் இல்லத்தில் ஒரு விருந்து கொடுத்தார். வந்திருந்தவர்களில் பலர் உயர் அதிகாரிகளும் அவர்களுடைய துணைவர்களும். அவர்களுள் ஒருவர் ரூபன் தியோல் பஜாஜ் என்னும் ஐ.ஏ.எஸ். அதிகாரி, மற்றொருவர் அம்மாநிலப் போலீஸ் தலைவர் கே.பி.எஸ். கில். புல்வெளியில் பெண்கள் அரைவட்டமாக அமர்ந்திருந்த இடத்தில் கில் வந்து உட்கார்ந்து பஜாஜைத் தம் பக்கத்தில் வந்து அமரும்படி கூப்பிட்டதையும், அமரப்போனபோது நாற்காலியைத் தம்மோடு நெருக்கி இழுத்ததையும், அவர் எழுந்து தம் பழைய இடத்துக்குத் திரும்பிய பிறகு எதிரே வந்து வழிமறித்து நின்று, எழுந்து தம்மோடு வரும்படி விரலால் சைகை செய்து ஆணையிட்டதையும், அவர் எழுந்து விலகியபோது பின்புறத்தில் தட்டியதையும் நீதிமன்ற ஆவணங்களில் காணலாம். அன்றைய பஞ்சாபில் பயங்கரவாதத்தை ஒடுக்கும் வீரராகக் கொண்டாடப்பட்டவர் கில். எத்தனையோ பேர் முன்னிலையில் நடந்தும், பஜாஜ் நாடிய மேலதிகாரிகளிடமிருந்து அவருக்கு நியாயம் கிடைக்கவில்லை. அவர் போலீசில் புகார் கொடுத்தார்.

இது காதல் விண்ணப்பமன்று, உடலின்மேல் நிகழ்ந்த அவமதிப்பு என்பதை நான் அறிவேன். இரண்டையும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆயினும் அந்த வழக்கில் முன்வைக்கப்பட்ட தர்க்கம் நம் விஷயத்தின் வேரைத் தொடுகிறது. சாதாரண அறிவும் குணமும் உள்ள எவரும் புகார் செய்யாத அளவுக்கு அற்பமான தீங்கு குற்றமாகாது என்று அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு கூறிற்று. அதைக் காட்டி 1989-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் அந்தப் புகாரையே ரத்து செய்தது. நாட்டின் மிக உயர்ந்த பணியில் இருந்த ஒரு பெண், சக அதிகாரிகளின் விருந்தில் அடைந்த அவமானம், அற்பம் என்ற தராசில் நிறுக்கப்பட்டது. 1995 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளி, பெண்ணின் மானத்தைத் தொடும் குற்றத்துக்கு அற்பம் என்ற விலக்குப் பொருந்தாது என்று உறுதிபடக் கூறியது. 1996 ஜனவரியில் கில் குற்றவாளி என்று சண்டிகர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகள் எல்லாம் கடந்து 2005-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. 17 ஆண்டுகள்! பதவியும் சட்ட அறிவும், உடன் நின்ற கணவரும் வாய்த்த ஒருவருக்கே இவ்வளவு காலம் தேவைப்பட்டது.

அதே 1988-இல் டெல்லியில், ஏற்றுமதி வளர்ச்சி அமைப்பு ஒன்றின் தலைவருடைய அந்தரங்கச் செயலாளர், அங்கே தட்டச்சராகப் பணியாற்றிய இளம்பெண்ணை, குறிப்பெடுக்கவேண்டும் என்று சொல்லி ஒரு பெரிய ஓட்டலின் அலுவல் மையத்துக்கு அழைத்துப் போனார். அங்கே அவள் விலக விலக நெருங்கி வந்தார். பதவிநீக்கம் செய்யப்பட்ட அவருக்கு உயர் நீதிமன்றம் இரங்கியது. அவர் தொட முயன்றாரே தவிரத் தொடவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். 1999 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையும் மாற்றி, உடல் தீண்டப்படவேண்டும் என்பது அவசியமில்லை என்று விதித்தது. ஓட்டல், விருந்து, மாநாடு, மாலைச் சந்திப்பு என்று அலுவலகம் தன் சுவர்களைத் தாண்டி நீளும் இடங்களில்தான் இத்தகைய காரியங்கள் திரும்பத் திரும்ப நிகழ்கின்றன. நான்கு பேர் பார்க்கும் மேஜையில் சொல்ல முடியாததைச் சொல்ல அங்கே துணிவு வருகிறது.

பத்திரிகையாளர் பிரியா ரமணியின் வழக்கும் ஓட்டலில் தொடங்கியதே. 1993-இல், பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைய விரும்பிய 23 வயதுப் பெண்ணாகத் தாம் பம்பாயின் ஓபராய் ஓட்டலுக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றபோது, புகழ்பெற்ற ஆசிரியரான எம்.ஜே. அக்பர் தம்மை அறைக்கு வரவழைத்து, தொழிலைப் பற்றிப் பேசுவதைவிட்டு மது அருந்த அழைத்ததாகவும், தம் அருகே வந்து அமரச் சொன்னதாகவும் அவர் கூறினார். 2018 அக்டோபரில் ரமணி அந்தப் பெயரை வெளியிட்டபோது அக்பர் மத்திய இணையமைச்சர். அவர் குற்றச்சாட்டை முற்றிலும் மறுத்து, கிரிமினல் அவதூறு வழக்குத் தொடுத்து, பதவி விலகினார். 2021 பிப்ரவரி 17-ஆம் தேதி டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. ஒருவருடைய புகழைக் காப்பதற்காக இன்னொருவருடைய கண்ணியத்தைப் பலியிட முடியாது என்றும், பல ஆண்டுகள் கழிந்த பின்னும் பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றும் அது கூறிற்று. ஒரு பெண் பேசத் துணிந்தால் குற்றவாளிக் கூண்டில் ஏறிநிற்பவள் அவளாகவே இருக்கலாம் என்பதையும் அந்த வழக்கு நாட்டுக்குக் காட்டியது.

இந்த உதாரணங்களில் எல்லாம் ஏதோ ஓர் அலுவலகம், ஒரு பதவி, ஒரு விண்ணப்பம் என்று பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இருக்கிறது. அதுவும் இல்லாத இடம் ஒன்று உண்டு. சொந்தமாகத் தொழில் தொடங்க முதலீடு தேடும் பெண், முதலீட்டாளரின் ஊழியரல்லள்; அவர் அவளுடைய முதலாளியுமல்லர். அமெரிக்காவின் சிலிக்கான் பள்ளத்தாக்கில் 2017-ஆம் ஆண்டின் ஜூன், ஜூலை மாதங்களில், முதலீடு கேட்டுவந்த பெண்களிடம் நள்ளிரவுச் செய்திகளும் தகாத அழைப்புகளும் அனுப்பிய முதலீட்டாளர்களைப் பற்றி அப்பெண்களே பெயர் கூறிப் பேசியபோது, சிலர் பதவியிழந்தனர். அந்த வேளையில் லிங்க்ட்இன்னை நிறுவிய ஹாஃப்மனே, தாமும் ஒரு முதலீட்டாளர் என்ற முறையில், ஒரு கட்டுரை எழுதி, மேலாளருக்கு ஊழியரிடமும் பேராசிரியருக்கு மாணவரிடமும் உள்ள அதே தர்மக் கடமை முதலீட்டாளருக்குத் தொழில்முனைவோரிடம் உண்டு என்று வாதித்தார். மறு ஆண்டே கலிஃபோர்னியா மாநிலம் தன் சிவில் சட்டத்தைத் திருத்தி, பாலியல் தொந்தரவுக்காக வழக்குத் தொடரக்கூடிய தொழில் உறவுகளின் பட்டியலில் முதலீட்டாளரையும் திரைப்படத் தயாரிப்பாளரையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. சம்பளச் சீட்டு இல்லாத இடத்திலும் அதிகாரம் உண்டு என்பதைச் சட்டம் கண்டுகொண்ட அந்தத் திருத்தம் நமக்கும் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நம் சட்டம் எங்கே நிற்கிறது? ராஜஸ்தானில் 1992-இல் குழந்தை மணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையிலிருந்து பிறந்தது விசாகா வழக்கு. அதில் 1997-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள், 16 ஆண்டுகள் கழித்து 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொந்தரவுத் தடுப்புச் சட்டமாக உருவெடுத்தன. அலுவலகங்களில் 'போஷ்' என்று வழங்குவது இதுவே. விரும்பத்தகாத சொல்லும் சைகையும்கூட இதன் வரையறைக்குள் வரும். வேலையின் நிமித்தம் ஊழியர் செல்லும் இடம் எதுவாயினும் அது பணியிடமே. புகார் செய்யும் பெண் அங்கே ஊழியராக இருக்கவேண்டும் என்பதும் இல்லை. இந்தச் சட்டம் பெண்களின் புகாருக்கு மட்டுமே உரியது; ஆண்களுக்கும் இத்தகைய தொல்லை நேர்வதுண்டு, அவர்களுக்கு நிறுவனங்களின் சொந்த விதிகளே துணை.

நோக்கம் என்னவாக இருந்தது என்ற கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவான விடை கூறியிருக்கிறது. மென்பொருள் நிறுவனம் ஒன்றின் ஊழியர் சம்பந்தப்பட்ட வழக்கில் நீதிபதி ஆர்.என். மஞ்சுளா, செய்தவரின் உட்கருத்தைக் காட்டிலும், அந்தச் செயல் பெண்ணுக்கு விரும்பத்தகாததாக இருந்ததா என்பதே முக்கியம் என்று தீர்ப்பளித்தார். 'நான் நட்பாகத்தான் பழகினேன்' என்ற வாதத்துக்கு இதனினும் நேரான மறுமொழி தேவையில்லை.

ஆனால் நடைமுறையில் ஓர் இடைவெளி நெடுநாளாக இருந்துவந்தது. மாநாட்டில் சந்தித்தவர் வேறு நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்றால் புகாரை யார் விசாரிப்பது? அவருடைய அலுவலகத்துக் குழுவிடம்தான் போகவேண்டும் என்றால், அவருடைய சகாக்களின் முன்னே தனியாகப் போய் நிற்க எந்தப் பெண் துணிவாள்? 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர் வேறு துறையில் பணியாற்றினாலும், பாதிக்கப்பட்ட பெண்ணின் அலுவலகக் குழுவே விசாரணை நடத்தலாம் என்று கூறி அந்த இடைவெளியைப் பெரும்பாலும் அடைத்திருக்கிறது. இதற்கப்பால், விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் நேரிலோ மின்னணுச் சாதனத்தின் வழியாகவோ மீண்டும் மீண்டும் தொடர்புகொள்வது, பாரதிய நியாய சம்ஹிதையின் 78-ஆம் பிரிவின்படி, முதல் முறையே மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அப்படியானால் ஒரே தொழிலில் இருக்கும் இருவர் காதலிக்கவே கூடாதா என்று கேட்பார்கள். இது நேர்மையான கேள்வி. நேர்மையான பதிலுக்கு உரியது. ஒரே மருத்துவமனையில், ஒரே கல்லூரியில், ஒரே பத்திரிகையில் பணிபுரிந்து மணந்துகொண்டு இனிதாக வாழும் தம்பதிகள் எத்தனையோ பேர். அவர்களுடைய கதைகளைக் கேட்டால், பெரும்பாலும் அவர்கள் நெடுநாள் சமமானவர்களாகப் பழகி, ஒருவரை ஒருவர் அறிந்தவர்களாக இருப்பார்கள். ஒருவர் கையில் இருந்த ஒன்றை மற்றவர் நாடி நின்ற வேளையில் அந்தப் பேச்சு எழுந்திராது. ஒரு பெண்ணுக்குத் தான் செய்யக்கூடிய உதவி ஏதேனும் பாக்கியிருக்கும்வரை, உண்மையான அன்புள்ளவன் வாய் திறக்கமாட்டான். உதவியைச் செய்து முடித்து, அது தன் கையைவிட்டுப் போன பிறகு, அவள் வேண்டாம் என்று சொன்னாலும் அவளுக்கு எதுவும் குறையாது என்று உறுதியான பிறகு, ஒரே ஒரு முறை, பகல் வேளையில், தெளிவான வார்த்தைகளில் கேட்பான். மௌனமே பதிலானால் அதையும் பதிலாகப் பெற்றுக்கொள்வான். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாத விருப்பம் அவளுடைய நலத்தைக் கருதிய விருப்பமாக எப்படி இருக்க முடியும்?

தனி மனிதரின் விவேகத்தை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது என்பதும் உண்மை. வெளிநாட்டு விஞ்ஞான, தொழில்நுட்ப மாநாடுகள் பலவற்றில் நடத்தை விதிகளை முன்கூட்டியே அச்சிட்டு, முறையிட வேண்டியவரின் பெயரையும் எண்ணையும் அரங்கிலேயே அறிவிக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அமெரிக்க புவிஇயற்பியல் சங்கம் 2017-இல் ஒரு படி மேலே சென்று, பாலியல் தொந்தரவை, ஆராய்ச்சியில் பொய்த் தரவு காட்டுவது போன்ற விஞ்ஞான ஒழுக்கக்கேடுகளின் வரிசையிலேயே வைத்தது. நம் ஊர் மாநாடுகளின் அழைப்பிதழில் மதிய உணவின் விவரத்துக்குக்கூட இடம் இருக்கிறது. நடத்தை விதிகளுக்கு இடம் வைத்த அழைப்பிதழ்கள் மிகக் குறைவு. அழைப்பிதழைவிட முக்கியமானவர்கள் அங்கே கூடி நிற்கும் மூத்தவர்கள். இன்னார் இப்படிப்பட்டவர் என்பது ஒரு துறையில் இருபது ஆண்டுகள் இருந்தவர்களுக்குத் தெரியாமல் இராது. இளம்பெண்களைத் தனியே கூப்பிட்டு, 'அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இரு' என்று காதோடு சொல்வதோடு அவர்களுடைய பொறுப்பு தீர்ந்துவிடாது. அவரையே கூப்பிட்டுச் சொல்லவேண்டும், அடுத்த ஆண்டு மேடையில் அவருக்கு நாற்காலி போடாமலிருக்கவேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைந்த சிறு நிறுவனத்தில் வேலை பார்ப்பவளுக்கும், முதலாளியின்மீதே புகார் சொல்லவேண்டியவளுக்கும் ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்க் குழு ஒன்று இருக்கவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டளையிடுகிறது. அந்தக் குழு இருப்பதையே அறியாத பட்டதாரிப் பெண்கள் நம்மிடையே ஏராளம். புகார் கொடுப்பதற்குச் சட்டம் தரும் அவகாசமோ சம்பவம் நடந்ததிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம். தனக்கு நேர்ந்தது புகார் செய்யத்தக்கதுதானா என்று தனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு, வெறுப்பில் அந்தச் செய்திகளை எல்லாம் அலைபேசியிலிருந்து அழித்துவிட்டு, பிறகு ஒரு நாள் தோழி ஒருத்தியின் பேச்சால் தைரியம் வந்து அவள் எழுந்து நிற்கும்போது, அந்த அவகாசமும் கடந்திருக்கிறது, சாட்சியமும் போயிருக்கிறது. செய்திகளை அழிக்காதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள், இத்தனை நாளுக்குள் இந்த இடத்தில் கொடு என்ற மூன்று வரிகளைக் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவுகள், நேர்முகத் தேர்வுக்கு எப்படி உடுத்திச் செல்லவேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் அதே வகுப்பில், இந்தக் கல்வியாண்டிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டமோ அரசாணையோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை.